கோட்டு பார்த்த படம்

இப்போதெல்லாம் யாருக்கும் ஒரு படத்தைப் பார்த்தோமா, எழுந்து வீட்டுக்கு வந்தோமா என்று இருக்கத் தெரிவதில்லை. பார்த்ததை நாலு பேரைக் கூட்டிவைத்துச் சொல்ல வேண்டும். எந்த இடத்தில் தொண்டை அடைத்தது, எந்த இடத்தில் மூக்கு ஒழுகியது என்று ஒப்பிக்க வேண்டும். கேட்கிறவர்களும் உச்சுக்கொட்ட வேண்டும். அழுகை என்பது கக்கூஸ் போகிற மாதிரி, கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டிய காரியம் என்பது பெரியவரின் கட்சி. இதைத்தான் அவர் நூலகத்து மாடியில், ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்திலிருந்த தம்பியின் காதில் ஓதிக்கொண்டிருந்தார்.

"மெதுவாண்ணே. மைக்குல பேசறவங்களைவிட உன் குரல்தான் நல்லா கேக்குது."

"கேக்கட்டும்."

மாதம் ஒரு முறை அங்கே இப்படி ஒரு கூட்டம். மனதில் நின்றுபோன படம், டிவி தொடர், புத்தகம், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். பேசியதில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு புத்தகம் போடப்போவதாக நூலகர் சொல்லியிருந்தார். இந்த மாதம் பெரியவரின் மகள் பேசுகிறாள். அதனால் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார்கள்.

முதலில் மருந்துக்கடை அம்மா பேசினார். ஆறு வருஷம் ஓடிய ஒரு தொடர். அது முடிந்த மறுநாள் அதே நேரத்துக்கு, போடாத டிவிக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

"கரண்டு மிச்சம்" என்றார் பெரியவர்.

அடுத்து ஒரு தையல்காரர். அவரிடம் ஒரு நாவல் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தை மட்டும் இன்னும் படிக்கவில்லை. படித்தால் அந்தக் கதாநாயகன் செத்துப்போய்விடுவானோ என்று பயம். வருஷா வருஷம் முதலிலிருந்து தொடங்கி அந்த இடம் வந்ததும் மூடிவைத்துவிடுகிறாராம்.

"அவன் செத்தா இவனுக்கென்ன? சட்டை தைக்கக் குடுத்திருக்கானா?"

தம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமுகிற மாதிரி கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வயது எழுபதைத் தொட்டும் அவனுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அந்தச் சிரிப்பின் மேலும் பெரியவருக்கு நம்பிக்கை கிடையாது. எதையோ மறைக்கிறவன்தான் சும்மா சும்மா சிரிப்பான்.

பிறகு மகள் எழுந்து போனாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுக்க யாரையாவது நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்குள் விளக்கடித்து, இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா என்று கேட்டுக் கேட்டுக் குரல் பக்குவப்பட்டிருந்தது. மைக் இல்லாமலே பேசினாள்.

"எனக்கு அப்ப அஞ்சு வயசோ ஆறு வயசோ. நான் சொல்லப்போற படத்தோட பேரே ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. போன வருஷம் ஒருநாள் டிவியில சும்மா மாத்திக்கிட்டே வந்தப்ப திடீர்னு அந்தப் பாலம் வந்துச்சு. கையில இருந்த டீயைக் கீழ வெச்சுட்டேன்."

ஆற்றின் மேல் ஒரு தூக்குப்பாலம். அதைக் கவனித்துக்கொள்கிற ஒரு ஆள். கப்பல் வந்தால் ஒரு பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றுவான். பாலம் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பும். கப்பல் போன பிறகு இறக்கிவிடுவான். அவனுக்கு ஒரே மகள். வளர்ந்து பெரியவளாகி, அவனோடு சண்டை போட்டுக்கொண்டு, ஒருநாள் ஊரைவிட்டே போகிறாள். அவள் ஏறிய கப்பல் பாலத்துக்கிட்டே வந்து நிற்கிறது. அவன் சக்கரத்தைச் சுற்றாவிட்டால் கப்பல் போகாது. மகள் மேல்தளத்தில் நின்று அவனைப் பார்க்கிறாள். அவன் சுற்றுகிறான்.

"அந்த இடத்துல என் உச்சந்தலை ஈரமாச்சு" என்றாள் மகள். "நான் மடியில உக்காந்திருந்தேன். எங்கப்பாவோட வேலைக் கோட்டுக்குள்ள. பட்டன் ரெண்டைக் கழட்டி என்னை உள்ள வெச்சு மூடியிருந்தாரு. இருட்டுல முகம் தெரியல. ஆனா அந்தக் கோட்டு எனக்குத் தெரியும். பழமும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாசனை. இடது பையில ஒரு ஓட்டை. படம் முழுக்க அந்த ஓட்டைக்குள்ள விரலை விட்டு ஆட்டிக்கிட்டிருந்தேன். தலை மேல சொட்டு சொட்டா விழுது. அப்பா அழறாருன்னு புரிஞ்சுது."

மருந்துக்கடை அம்மா முந்தானையைத் தேடினார்.

"எங்கப்பா என்னைக் கொஞ்சினதில்ல. இங்கதான் இருக்காரு, கேட்டா அவரே சொல்வாரு." நாலைந்து பேர் சிரித்தார்கள். "ராத்திரி வேலை. பகல்ல தூங்குவாரு. வீட்டுல ஒரு கரண்டி விழுந்தா எல்லாருக்கும் உயிர் போயிடும். பயந்துக்கிட்டே வளர்ந்தேன். அவரு நல்லவரா கெட்டவரான்னு எனக்கே சந்தேகம் வர்றப்பல்லாம் அந்த ஈரத்தை நினைச்சுக்குவேன். அம்மா போனதுக்கப்புறம் அவரை விட்டுட்டு வேற ஊருக்குப் போயிடலாமான்னு யோசிச்சப்ப, போகாம நிறுத்தினதும் அதுதான். அவ்வளவுதாங்க."

கைதட்டல். அத்தனை தலையும் பெரியவர் பக்கம் திரும்பியது. மருந்துக்கடை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்துத் தலையாட்டினார். பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்குப் பிறகு பெரியவர் சினிமாக் கொட்டகை வாசலை மிதித்ததே இல்லை. பிள்ளைக்குக் கண் கெட்டுவிடும் என்று வீட்டில் யாரும் அவளைக் கூட்டிப்போகக் கூடாது என்றும் சொல்லிவைத்திருந்தார்.

கோட்டு மட்டும் உண்மை. பழம் அடைத்துவைக்கிற குளிர்க்கிடங்கில் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே வேலை. பகலில் தம்பி, இரவில் அண்ணன். பஞ்சு வைத்துத் தைத்த கனத்த கோட்டு ஒன்றைக் கம்பெனி கொடுத்தது. ஆளுக்கு ஒன்று இல்லை, வேலைக்கு ஒன்று. ஒரு வேலையை இரண்டு பேர் பார்த்தால் அது அவர்கள் பாடு. ஆள் மாறும் நேரத்தில் கேட்டில் ஒருவன் கழற்றுவான், மற்றவன் மாட்டுவான். முன்னவனுடைய உடம்புச் சூடு உள்ளே அப்படியே இருக்கும். ஒரே வீட்டில் இருந்த அண்ணனும் தம்பியும் முழித்த கண்ணோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் அந்தக் கேட்டில்தான். இடது பையில் இருந்த ஓட்டைகூடத் தம்பி திருட்டுத்தனமாகப் பீடி பிடித்து அணைக்காமல் போட்டதால் வந்தது.

சனிக்கிழமை மட்டும் பகல் வேலை மதியத்தோடு முடியும். அன்றைக்குக் கோட்டு தம்பியோடு வீட்டுக்கு வந்து ஆணியில் தொங்கும். சாயங்காலம் அண்ணன் அதை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஒரு சனிக்கிழமை அவர் தூங்கி எழுந்தபோது ஆணி காலியாக இருந்தது. "உங்க தம்பி பாப்பாவைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. வெளிய ஊதல் காத்து, அதான் கோட்டை மாட்டிக்கிட்டுப் போனாரு. நேரா கேட்டுக்கே கொண்டுவந்து தர்றேன்னு சொன்னாரு" என்றாள் மனைவி. அவர் கேட்டில் போய் நின்றார். தம்பி வரவில்லை. மேஸ்திரி, உள்ளே போகிறாயா, வேறு ஆளை அனுப்பட்டுமா என்றார். இரண்டு சாக்கை மேலே சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

தம்பி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அவருடைய இடது கையில் கடைசி இரண்டு விரலும் கட்டையாகிவிட்டிருந்தன. "பஸ் வரலண்ணே. நாலாம் நம்பர் வழியிலேயே படுத்துடுச்சு" என்றான் தம்பி. அந்த விரல்களுக்கு உயிர் திரும்பவே இல்லை. சூடும் தெரியாது, ஊசி குத்தினாலும் தெரியாது. அன்றிலிருந்து அவர் நாலாம் நம்பர் பஸ்ஸில் ஏறியதில்லை. அது கடந்து போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, வாசலிலேயே அந்த பஸ் நின்றும், நடந்தேதான் போனார், வந்தார்.

கோட்டு ஆணியை விட்டு ஊர் சுற்றப் போனது அந்த ஒரு சனிக்கிழமைதான். அது எங்கே போயிருந்தது என்று இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் பெரியவருக்குத் தெரிகிறது. அதுவும் ஊரைக் கூட்டிவைத்து.

கூட்டம் முடிந்து அண்ணனும் தம்பியும் நடந்தார்கள். மகள் நூலகரோடு பேசிக்கொண்டிருந்தாள். கடைசிக் கடையின் வெளிச்சம் தாண்டியதும் பெரியவர் கேட்டார்.

"நாலாம் நம்பரு எங்கடா படுத்துச்சு?"

"எந்த நாலாம் நம்பரு?"

"என் விரலைத் தின்ன நாலாம் நம்பரு."

"அட, அது எந்தக் காலத்துக் கதை. அந்த டிரைவரே போய்ச் சேர்ந்திருப்பான்."

"போய்ச் சேர்ந்தவன் மேல பழியைப் போட்டுட்டு நீ குத்துக்கல்லாட்டம் இருக்கியேடா."

தம்பி சிரித்தான். "அண்ணே, பாப்பா உன்னைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லியிருக்கா. வாங்கிப் பையில போட்டுக்கிட்டுப் போவியா."

"அது என்னுது இல்ல."

"வேற யாருது?"

"உன்னுது."

"நான் சொன்னேனா என்னுதுன்னு? நான் சினிமாவுக்கே போகலையே. பூங்காவுக்குப் போனோம். வர்றப்ப பஸ் படுத்துடுச்சு."

"கோட்டு தனியா நடந்து போய் டிக்கெட் எடுத்து உக்காந்துச்சா?"

"போயிருக்கும். நல்ல படம்னா கோட்டுக்கு ஆசை இருக்காதா?"

பெரியவர் நின்றுவிட்டார். தம்பியும் நின்றான். இந்த முறை சிரிக்கவில்லை.

"சரிண்ணே. என்னுதுன்னே வெச்சுக்க. ஒரு பேச்சுக்கு. எனக்கு அது எதுக்கு? சைக்கிள் கத்துக்குடுத்து முட்டியைப் பேத்துக்கிட்டது, பள்ளிக்கூட நாடகத்துல அவ மரமா நின்னப்ப முதல் வரிசையில உக்காந்து விசிலடிச்சு என்னை வெளிய துரத்தினது, இப்படி என் கணக்குல அவகிட்ட எவ்வளவோ கிடக்கு. உன் பக்கம் துழாவினா அவ கையில சிக்குறது இது ஒண்ணுதான். அதையும் பிடுங்கி என்கிட்ட குடுத்துட்டு நீ எதை வெச்சுக்கிட்டு உக்காருவே?"

"எனக்குப் பிச்சை போடறியா?"

"பிச்சைன்னா தூக்கிப் போடு. உனக்கு வாங்கவும் தெரியாது, போடவும் தெரியாது."

தம்பி தன் தெருவுக்குத் திரும்பிவிட்டான். பெரியவர் அங்கேயே கொஞ்சம் நின்றார். ஒன்று இவன் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுக்கிறான். இல்லையென்றால் என் விரல் போனதற்கு இவன்தான் காரணம் என்று வெளியே வந்துவிடக் கூடாது என்று பார்க்கிறான். இரண்டில் எது என்று அவருக்குப் பிடிபடவில்லை. தம்பியின் நல்ல குணம் எப்போதுமே அப்படித்தான். தட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ உருளுகிற சத்தம் கேட்கும்.

அடுத்து வந்த நாட்களில் ஒரு காரியம் நடந்தது. அதுதான் பெரியவரைப் படுத்தியது. மருந்துக்கடைக்கு மாத்திரை வாங்கப் போனால் அந்த அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கய்யா" என்றார். தையல்காரர் ரோட்டைக் கடந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார். மகள் தினமும் சாயங்காலம் போனில் கூப்பிட்டாள். முன்பெல்லாம் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்பதோடு வைத்துவிடுகிறவள், இப்போது கடையில் நடந்ததையெல்லாம் சொல்லிச் சிரித்தாள். மேடையில் சொன்னபிறகு அவளுக்கே ஏதோ அடைப்பு விட்ட மாதிரி இருந்தது போல. பெரியவருக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்று பிடிக்கவில்லை.

முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். இந்த மூஞ்சி அழுதிருக்குமா? அழுதிருந்தால் எப்படி இருந்திருக்கும்? ஒருமுறை உதட்டைக் கோணி வைத்துப் பார்த்தார். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. சீ என்று முகத்தைக் கழுவிக்கொண்டார்.

கோட்டு அவருடையதுதான். ஆனால் அந்த இரண்டு பட்டனைக் கழற்றி அவளை உள்ளே வைத்து மூடியவன் வேறொருவன். அவள் இத்தனை காலமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது அவனை. ஊரை விட்டுப் போகாமல் நின்றதும் அவனுக்காக. உள்ளே ஆள் மாறிப்போனது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று பெரியவர் யோசித்துப் பார்த்தார். சாயங்காலப் போன் நின்றுபோகும். அதுவரைக்கும் யோசித்துவிட்டு அப்புறம் யோசிக்கவில்லை. இதற்கு நடுவில் நூலகர் வேறு அந்தப் பேச்சைப் புத்தகத்தில் முதலாவதாகப் போடப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அச்சில் ஏறிவிட்டால் அழிக்க முடியாது. பொய்யை வாயால் சொல்வதே பெரியவருக்கு ஆகாது. அச்சுப் போடுவது எந்த ஊர் நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போனார். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்.

"அன்னிக்கு உன்னை சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனது நான் இல்ல. உங்க சித்தப்பன்."

மகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "என்னப்பா சொல்றீங்க?"

"அந்தக் கோட்டு எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அவன் போட்டுக்கிட்டுப் போனான். அழுததும் அவன்தான். நான் அந்த நேரம் சாக்கைச் சுத்திக்கிட்டு உள்ள நடுங்கிக்கிட்டிருந்தேன். அந்தப் படத்தை நான் பார்த்ததே இல்ல."

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. கடையில் பெரிய எழுத்தே தெரியவில்லை என்று சொல்கிறவரைப் பார்க்கிற பார்வை. பிறகு சித்தப்பாவுக்குப் போன் போட்டு வரச்சொன்னாள். அவன் வருவதற்குள் மாப்பிள்ளையிடம் உள்ளறையில் ஏதோ தணிந்த குரலில் பேசினாள்.

தம்பி வந்தான். பழக்கடைப் பை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றான்.

"சித்தப்பா, நீங்க என்னை அந்தப் பாலத்துப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"நானா? உங்கப்பா இருக்கிறப்ப உன்னை சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போற தைரியம் எனக்கு ஏது?"

"அப்பா நீங்கதான்னு சொல்றாரு."

தம்பி அண்ணனைப் பார்த்தான். ஒரு கணம்தான். "அண்ணனுக்கு வயசாகுதும்மா" என்றான் மெதுவாக. "சில சமயம் ரெண்டு பேரும் ஒண்ணாக் குழம்பிப் போயிடறோம்."

பெரியவருக்குக் காது சூடாகியது. "யாருடா குழம்பினது? நாலாம் நம்பர் பஸ்ஸுன்னு கதை விட்டவன் நீ. இந்தா பாரு." இடது கையைத் தூக்கிக் காட்டினார். "இது குழம்பிப் போச்சா?"

"அப்பா" என்றாள் மகள். "இன்னிக்கு என்ன கிழமை?"

மாப்பிள்ளை டிவி ரிமோட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன், உனக்குத் தெரியாதா? காலண்டரைக் கிழிச்சுப் பாரு" என்றார் பெரியவர்.

"கோவிச்சுக்காதீங்கப்பா. சும்மாதான் கேட்டேன்." அவள் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஒண்ணு பண்ணலாம். அந்தப் படத்தை எடுத்து வெச்சிருக்கேன். போடறேன். பாருங்க. பார்த்தா ஞாபகம் வரும்."

"வராததுக்கு எங்கேருந்து ஞாபகம் வரும்?"

"பாருங்களேன்."

படம் ஓடியது. கறுப்பு வெள்ளை. சத்தம் கொஞ்சம் கரகரத்தது. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பாலம், ஆறு, சக்கரம். அந்த ஆள் சக்கரத்தைச் சுற்றுகிற விதம் சரியில்லை. கனமான சாமானைத் தள்ளிப் பழகினவன் முதுகை அப்படி வளைக்கமாட்டான், காலை அகட்டி இடுப்பால் தள்ளுவான். கம்பெனியில் அப்படிச் செய்தால் மாலைக்குள் படுத்துவிடுவான். மகளோடு அவன் போடுகிற சண்டை மட்டும் பரவாயில்லை. அவன் ஒன்றும் பேசாமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான். அது நடக்கிற காரியம்.

தம்பி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வழக்கம்போல அங்கங்கே ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மேலதிகாரி மீசை ஒட்டின மீசை என்றான். அந்த நாய் வாலை ஆட்டவே இல்லை, சம்பளம் தரவில்லை போல என்றான். மாப்பிள்ளை சிரித்தார். கப்பல் வந்து பாலத்துக்கிட்டே நின்றது. தம்பியின் பேச்சு நின்றுபோனது.

பெரியவர் தன் வலது பக்கம் ஏதோ உறுத்துவதை உணர்ந்தார். மகள் டிவியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை லேசாகத் திறந்துகொண்டு, அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே இப்போது ஏதாவது நடந்துவிடும் என்பது போல. ஐந்து வயதில் அவள் மேலே நிமிர்ந்து பார்த்தபோது இப்படித்தான் பார்த்திருப்பாள். அவருக்கு ஒருகணம் வரவழைத்தால்தான் என்ன என்று தோன்றியது. கண்ணை இமைக்காமல் வைத்துக்கொண்டால் தண்ணீர் வந்துவிடும். அவ்வளவுதான் வேலை. அவர் இமைத்தார்.

திரையில் அந்த ஆள் சக்கரத்தைப் பிடித்தான். கப்பலின் மேல்தளத்தில் மகள் நின்றாள். அந்தச் சமயத்தில் தம்பி எழுந்து, யாரையும் பார்க்காமல், சமையலறைக்குள் போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அவன் முதுகை மட்டும் பெரியவர் பார்த்தார். தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறியிருந்தன, குளிரில் நிற்கிறவனுக்கு ஏறுவது மாதிரி.

மகள் இன்னும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலம் எழும்பி, கப்பல் போய், பாலம் இறங்கியது. அவர் கண் காய்ந்தே இருந்தது.

"ஒண்ணுமே தோணலையாப்பா?" என்றாள்.

"என்னைப் பார்த்து என்ன பிரயோஜனம்? நீ தப்பான ஆளைப் பார்த்துக்கிட்டிருக்கே. சமையல் ரூமுல போய்ப் பாரு. அன்னிக்கும் அவன்தான், இன்னிக்கும் அவன்தான்."

அவள் எழுந்து போனாள். குழாய்ச் சத்தம் நின்றது. உள்ளே பேச்சு எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை படத்தை நிறுத்தினார். பிறகு இருவரும் வந்தார்கள். முன்னால் தம்பி, முகம் கழுவி, சட்டைக் காலர் நனைந்து, கையில் ஒரு டம்ளரோடு.

"தண்ணி குடிச்சேன், புரையேறிடுச்சு" என்றான். சிரித்தான்.

மகள் அவனுக்கு எதிரே நின்று அவன் கண்ணைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம்தான் பார்த்தாள். அடுத்தவர் கண்ணைப் பார்த்தே சம்பாதிக்கிறவள். சிவந்த கண் எது, தூசி விழுந்த கண் எது, அழுத கண் எது என்று அவளுக்குத் தெரியாமல் போகுமா? பெரியவர் காத்திருந்தார். அவள் திரும்பி அவரிடம் வந்தாள். அவருடைய இடது கையை எடுத்து, கட்டையாகிப்போன இரண்டு விரல்களையும் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்ததா, சில்லென்று இருந்ததா என்று அந்த விரல்களுக்குத் தெரியாது.

"சரிப்பா" என்றாள். "வியாழக்கிழமை லீவு போடறேன். டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துடலாம்."

"எதுக்கு?"

"சும்மா. எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துடலாம்."

"புத்தகத்துல போடறியா?"

"போடறேன்பா."

"யாரு பேரைப் போட்டு?"

அவள் அவர் கையை விட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாள். அவர் பசியில்லை என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். படிக்கட்டில் இறங்கும்போதே அவர் தலைக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? தெரிந்துகொண்டே டாக்டர் என்கிறாளா? சமையலறையில் அவ்வளவு நேரம் சத்தமே இல்லாமல் இரண்டு பேரும் என்னதான் செய்தார்கள்? ஒருவன் கொடுத்ததை இன்னொருத்தி மூட்டை கட்டி, என் தலையில் வைத்துவிடலாம் என்று முடிவு பண்ணிவிட்டார்களா?

பின்னாலேயே தம்பி வந்து சேர்ந்தான். வாசலுக்கு நேர் எதிரே பஸ் நிறுத்தம். இரண்டு பேரும் அதற்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

"உண்மையைச் சொல்லுடா. இப்ப யாரும் இல்ல."

"எதை?"

"பஸ் படுத்துச்சா, படுக்கலையா?"

தம்பி ரோட்டைப் பார்த்தான். "படுத்துச்சுண்ணே" என்றான். "படுத்தே போச்சு."

திருப்பத்தில் விளக்கு தெரிந்தது. நாலாம் நம்பர்தான். பழைய வண்டி இல்லை, புதுசு. சத்தம் போடாமல் வந்து நின்று கதவைத் திறந்தது. தம்பி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"ஏறுண்ணே. உன்னை அது என்ன பண்ணுச்சு?"

பெரியவர் பஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தார். அது ஒன்றும் பண்ணவில்லை. அன்றைக்கு அது ஒழுங்காக ஓடித்தான் இருக்கும், யாரோ ஏறியிருப்பார்கள், யாரோ இறங்கியிருப்பார்கள். இத்தனை வருஷமாக ஒரு பாவமும் அறியாத பஸ்ஸின் மேல் வஞ்சம் வைத்து ஊரெல்லாம் நடந்தே தேய்ந்திருக்கிறார். ஆனால் அப்படி நினைத்துக்கொள்ளவும் தம்பி ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் ஒத்துக்கொள்ளாத வரை பஸ் படுத்ததாகத்தானே கணக்கு?

"வர்றீங்களா பெரியவரே?" என்றார் டிரைவர்.

"நீங்க போங்க. நான் நம்பி ஏற மாட்டேன்."

இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அவர் நடக்கத் தொடங்கினார். பஸ் அவரைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தம்பி கையை ஆட்டி ஏதோ சொன்னான். சிரித்தானா என்னவென்று கண்ணாடியில் விழுந்த தெருவிளக்கில் தெரியவில்லை. பெரியவர் திரும்பிப் பார்க்காமல், எல்லோருமாகச் சேர்ந்து என்னவோ பண்ணுகிறார்கள் என்று முணுமுணுத்தபடி போய்க்கொண்டிருந்தார்.